வானிலை இடம் கொடுத்தால்

வாக்கே கொடுக்காத ஒருவரை வாக்குத் தவறியவர் என்று சொல்ல முடியுமா? சான்ட்ராவுக்கு இந்தக் கேள்வி முதன்முதலில் வந்தபோது அவளுக்குப் பத்து வயது. அன்று பள்ளி ஆண்டு விழாவில் அவள் தனியாக ஒரு பாட்டுப் பாடினாள். மூன்றாவது வரிசையில் அம்மா மர்சலின் பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். பாட்டு முடிந்து, கைதட்டல் முடிந்து, தேசிய கீதமும் முடிந்த பிறகும் அந்த நாற்காலியில் கைப்பைதான் உட்கார்ந்திருந்தது.

அப்பா ஃபிரெட்ரிக் வீட்டுக்கு வந்தபோது மணி எட்டு. சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம் பிரியும் சந்தில் அவர்கள் வீடு. வாசலிலேயே காத்திருந்தாள் சான்ட்ரா.

"வர்றேன்னு சொன்னீங்களே டாடி."

"டபிள்யூ.பி.ன்னு சேர்த்துத்தானேம்மா சொன்னேன்," என்றார் அவர், ஷூவைக் கழற்றிக்கொண்டே.

சமையலறையிலிருந்து மர்சலின் குரல் கொடுத்தாள். "இன்னிக்கு எங்க மழை பெஞ்சுது? மொட்டை மாடியில துணியெல்லாம் அப்பளமா காஞ்சு கிடக்கு."

"இங்க இல்ல மர்சி. கப்பல் கொழும்புப் பக்கத்துலேர்ந்து வருது. அங்க பெரிய காத்து. காலையில வர வேண்டியது சாயங்காலம் வந்துச்சு."

"அப்போ கொழும்புல காத்தடிச்சா சாந்தோம்ல பொண்ணு பாடுறதைக் கேக்க முடியாது. சரிதான். வந்து சாப்பிடுங்க."

அவர் சிரித்தார். மர்சலினும் சிரித்துவிட்டாள். சான்ட்ராவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அப்பா பொய் சொல்லவில்லை. வருவதாக உறுதியாகச் சொல்லவும் இல்லை. அப்படியென்றால் தனக்கு ஏன் இப்படி அழுகை வருகிறது என்பது அவளுக்கு விளங்கவில்லை. கோபப்பட வேண்டும் போல் இருந்தது. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

ஃபிரெட்ரிக் சாந்தோமிலேயே பிறந்து வளர்ந்தவர். இருபத்து மூன்றாவது வயதில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். முதலில் பாரிமுனையில் இருந்த அலுவலகம், தொண்ணூறுகளில் ஆழ்வார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையின் மாடிக்கு வந்தது. அந்த ஒரே நிறுவனத்தில்தான் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வும் பெற்றார்.

சென்னைக்கு வரும் வெளிநாட்டுக் கப்பலுக்கு இந்த ஊரில் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது. அந்தச் சொந்தக்காரர் வேலையை முகவர் செய்வார். குடிதண்ணீர், காய்கறி, மாலுமிக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர், துறைமுகத்தில் காட்ட வேண்டிய காகிதங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கோ இருக்கும் கப்பல் முதலாளி ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார்: கப்பல் எப்போது துறைமுகத்துக்குள் வரும், எப்போது கிளம்பும்? அதற்குப் பதில் அனுப்புவதுதான் ஃபிரெட்ரிக்கின் வேலை. முதலில் டெலக்ஸ், பிறகு ஃபேக்ஸ், பிறகு மின்னஞ்சல். இயந்திரம் மாறினாலும் செய்தியின் அமைப்பு மாறவில்லை. கப்பலின் பெயர், தேதி, நேரம், கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள். டபிள்யூ, பி. வெதர் பெர்மிட்டிங்.

வானிலை இடம் கொடுத்தால் என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் அது இன்னும் கொஞ்சம் கறாரானது: வானிலை அனுமதித்தால். எங்கோ ஓர் அலுவலகத்தில் வானிலை மேசை போட்டு உட்கார்ந்து, வந்த மனுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது போல. கடல் தொழிலில் இதைச் சொல்வது பணிவு. தேதி என்னுடையது, கடல் என்னுடையதில்லை என்று ஒத்துக்கொள்வது.

ஆனால் யோசித்தால், மனிதர் கொடுக்கும் எந்த வாக்குக்குப் பின்னாலும் இந்த நிபந்தனை இருக்கத்தான் செய்கிறது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்கிற யாரும் நாளையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை ஒருவர் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொன்னால் அதனால் என்ன கூடுகிறது? வராமல் போனால் கேட்க வேண்டிய மன்னிப்பை அவர் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறார் என்று சான்ட்ரா பிற்காலத்தில் ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த முடிவு அப்பாவுக்கு முழு நியாயம் செய்ததா என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

ஏனென்றால் ஃபிரெட்ரிக் மோசமான மனிதர் இல்லை. குடிப்பதில்லை. குரலை உயர்த்தியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குப்பத்துப் பக்கம் நடந்துபோய், அன்றைக்கு வந்த மீனைத் தானே பார்த்து வாங்கி, தானே கழுவிக் கொடுப்பார். மர்சலின் சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பரீட்சைக் காலத்தில் அவள் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் வீட்டு வேலை முழுவதும் அவர் கையில்தான். நல்லவர் என்று சொல்வதற்குத் தடை ஒன்றும் இல்லை. அவரிடம் எதையும் நிச்சயமாகக் கேட்டு வாங்க முடியாது, அவ்வளவுதான்.

தையல்காரரிடம், "வியாழக்கிழமை வந்து வாங்கிக்கிறேன், டபிள்யூ.பி." என்பார். அது அவருடைய இனிஷியல் என்று நினைத்து அந்தத் தையல்காரர் ரசீதில் 'டபிள்யூ.பி. ஃபிரெட்ரிக்' என்று எழுதிக் கொடுத்தார். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தவர்களிடமும் அதையே சொன்னார். சான்ட்ராவின் கல்லூரித் தோழி புஷ்ரா வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதை வைத்துக் கிண்டல் செய்வாள்.

"ஏய், உங்க டாடி கன்ஃபெஷன்ல என்னடி சொல்வாரு? 'இனிமே இந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன் ஃபாதர், டபிள்யூ.பி.'ன்னா?"

மர்சலின் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சொன்னாள்: "என்கிட்ட ஒரே ஒரு தடவை அது இல்லாம பேசியிருக்காரு. எண்பத்திரண்டுல, பீடத்துக்கு முன்னாடி. இன்பத்திலயும் துன்பத்திலயும்னு சொல்ற இடத்துல. அதுக்கும் ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நம்பலைன்னா ரெஜிஸ்டரைப் போய்ப் பாரு."

அதை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று மர்சலினுக்கு ஆசை இருந்தது. 2007-இல் அதற்கு வாய்ப்பு வந்தது. திருமணமாகி இருபத்தைந்து ஆண்டு நிறைந்த தம்பதிகளுக்குக் கோயிலில் வெள்ளிவிழாப் பூசை வைத்தார்கள். தம்பதிகள் வரிசையாக நின்று, கைகோத்து, பழைய வாக்குறுதியை மறுபடி சொல்ல வேண்டும். மர்சலின் தி. நகர் போய் மாந்தளிர் நிறத்தில் ஒரு பட்டுப் புடவை எடுத்தாள். அந்த வாரம் முழுவதும் அவள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே காய் நறுக்கினாள்.

"ஞாயித்துக்கிழமை எட்டரைப் பூசை. பதினோரு ஜோடி. நம்ம பேரையும் குடுத்துட்டேன்," என்றாள் வியாழக்கிழமை.

"வர்றேன் மர்சி. டபிள்யூ.பி."

"ஜூன் மாசம் எந்தப் புயலுங்க வருது?"

"சொல்ல முடியாது. அரபிக் கடல் பக்கம் ஆரம்பிச்சுடும்."

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் துறைமுகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அவர் கிளம்பிப் போனார். எட்டரைக்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னார், அந்த இரண்டு எழுத்துகளோடு. பூசையில் பிரசங்கம் முடிந்து தம்பதிகளை முன்னால் அழைத்தார்கள். மர்சலின் எழுந்து போய் வரிசையின் கடைசியில் நின்றாள். பத்து ஜோடிகளும் ஒரு பெண்ணும். கைகளைக் கோத்துக்கொள்ளுங்கள் என்று ஃபாதர் சொன்னார். மர்சலின் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு வரிசையை விட்டு விலகி, அவசரமில்லாமல் நடந்து வந்து சான்ட்ராவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் கை சும்மா இருக்கு. நீயாவது புடிச்சுக்க," என்று காதோடு சொன்னாள்.

ஃபிரெட்ரிக் மூன்று மணிக்கு ஒரு பிளம் கேக்கோடு வந்தார். கப்பலில் பாரந்தூக்கி பழுதாகிவிட்டதாகவும் விட்டுவிட்டு வர முடியவில்லை என்றும் சொன்னார். மர்சலின் கேக்கை வெட்டி மூன்று தட்டில் வைத்தாள்.

"அந்த வாக்குறுதியில உங்க ரெண்டு எழுத்தைச் சேர்க்க ஃபாதர் விட மாட்டாரு. அதான் நீங்க வரல," என்றாள்.

அவர் சிரித்தார். இந்த முறை மர்சலின் சிரிக்கவில்லை. ஆனால் சண்டையும் போடவில்லை. எதற்காகச் சண்டை போடுவது? முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தானே போனார். மாந்தளிர்ப் புடவையை மடித்து பீரோவில் வைத்தவள் அதை மறுபடி உடுத்தவே இல்லை.

சான்ட்ரா பிசியோதெரபி படித்து, கூட வேலை பார்த்த குருபிரசாத்தைத் திருமணம் செய்துகொண்டு அடையாறில் குடியேறினாள். அங்கேயே ஒரு சின்ன சிகிச்சை மையமும் வைத்தாள். அப்பா 2012-இல் ஓய்வு பெற்றார். இனிமேல் அவருக்காக எந்தக் கப்பலும் எங்கும் காத்திருக்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டு எழுத்துகள் ஓய்வு பெறவில்லை. பேத்தி இல்லையா, பேரன் இல்லையா என்று மற்றவர்கள் கேட்டால், "வரும், டபிள்யூ.பி." என்பார். அதற்குச் சான்ட்ராவும் சேர்ந்து சிரித்த நாட்கள் உண்டு.

2019 பிப்ரவரியில் மர்சலின் மயிலாப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஃபிரெட்ரிக் வீட்டுக்குப் போவார். சான்ட்ரா கூடத் தங்குவாள். அந்த ஒரு சாயங்காலம் அவர் கிளம்பும்போது மர்சலின் கேட்டாள்.

"நாளைக்குக் காலையில சீக்கிரம் வருவீங்களா?"

"வர்றேன் மர்சி. டபிள்யூ.பி."

அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாசலில் செருப்பைத் தேடும் கால் போல நாக்கு தானாகப் போய் அந்த இடத்தில் நின்றது. மர்சலின் கண்ணை மூடிக்கொண்டே லேசாகப் புன்னகைத்தாள். அது பழைய கிண்டல் சிரிப்பா, அலுத்துப்போன சிரிப்பா என்று சான்ட்ரா இன்றுவரை யோசிக்கிறாள்.

அவர் மறுநாள் சீக்கிரமே வந்தார். ஆறு மணிக்கெல்லாம் கையில் காபி ஃபிளாஸ்கோடு நின்றார். ஆனால் விடிவதற்குள் மர்சலின் நினைவிழந்திருந்தாள். மாலையில் போய்விட்டாள். கணவர் வாயிலிருந்து அவள் கடைசியாகக் கேட்டது அந்த இரண்டு எழுத்துகளைத்தான்.

சான்ட்ராவால் இதை மறக்க முடியவில்லை. மன்னித்துவிடலாம் என்று பலமுறை உட்கார்ந்து பார்த்தாள். எதை மன்னிப்பது? வருகிறேன் என்றார், வந்தார். ஆண்டு விழாவுக்கு வருவதாக உறுதி சொல்லவில்லை, வரவில்லை. வெள்ளிவிழாவும் அப்படியே. எந்த ஏட்டைப் புரட்டினாலும் அவர் பக்கம் பிழையில்லாமல் இருந்தது. பிழையே செய்யாத ஒருவரிடம் மனத்தாங்கலோடு வாழ்வது, கதவில்லாத வீட்டின் முன்னால் நின்று தட்டுவது போல் இருந்தது அவளுக்கு. அவளுக்கு வேண்டியிருந்தது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அப்பா ஒரே ஒரு முறை, வால் இல்லாமல், ஒரு வார்த்தை கொடுக்க வேண்டும். நிறைவேற்றினாரா இல்லையா என்பதுகூடப் பிறகு.

இரண்டு வருடம் முன்பு வடிவேலு முழங்கால் வலியோடு அவளுடைய மையத்துக்கு வந்தார். அப்பாவின் பழைய சகா. கப்பலில் ஏறிப்போய்க் காகிதங்களில் கையெழுத்து வாங்கி வருவது அவர் வேலையாக இருந்தது. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல முட்டியை மடக்கினார்.

"இன்னாம்மா, டபிள்யூ.பி. சாரு எப்டி கீறாரு?"

"இருக்காரு மாமா. நல்லா மடக்குங்க."

"அந்த ரெண்டு எழுத்து இன்னும் கீதா?"

"அது எங்க போகும்?"

"அது எப்ப வந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?" வடிவேலு தலையைத் தூக்கிப் பார்த்தார். "ஒங்கப்பாரு சேந்த ரெண்டாவது வருசம். மேல ஆரோக்கியநாதன்னு ஒருத்தரு. தங்கமான ஆளு. டெலக்ஸு அடிக்கிறது ஒங்கப்பாரு, பாத்துட்டு அடியில இனிசியல் போடறது அவரு. ஒரு நாளு ஒங்கப்பாரு அந்த ரெண்டு எழுத்த வுட்டுட்டாரு. வெறும் தேதி மட்டும் போயிடுச்சு. அவரும் பாக்காம இனிசியல் போட்டுட்டாரு. வந்துச்சு பாரு புயலு! நாலு நாளு கப்பலு வெளியவே நிக்குது. அங்கேருந்து வெள்ளக்காரன் காச்சுறான், நீ தேதி குடுத்தியே, நீ தேதி குடுத்தியேன்னு."

"சரி, புயல் வந்தா யாரு என்ன பண்ண முடியும்?"

"அதாம்மா மேட்டரு. ரெண்டு எழுத்து இருந்தா புயலு மேல தப்பு. இல்லாங்காட்டி ஆளு மேல தப்பு. மொதலாளி ரெண்டு பேரையும் கூப்ட்டாரு. யாரு வுட்டதுன்னாரு. ஒங்கப்பாரு வாயத் தொறந்து, 'புயல் சார்'ன்னாரு. அவ்ளோதான் வந்துச்சு வாயில. ஆரோக்கியநாதன் ஒரு நிமிசம் ஒங்கப்பாரு மூஞ்சப் பாத்தாரு. அப்பால, 'நாந்தான் சார் பாக்காம வுட்டேன்'னாரு. தூத்துக்குடிக்குத் தூக்கிப் போட்டாங்க. அங்க போயி ஒரு வருசத்துலயே வேலைய வுட்டுட்டாராம்."

"அப்பா அவர்கிட்ட பேசினாரா?"

"எங்க? எழும்பூர்ல வண்டி ஏத்த நாந்தான் போனேன். ஒங்கப்பாரு வரேன்னாரு, வர்ல. ஆரோக்கியநாதன் இன்னா சொன்னாரு தெரியுமா? 'ஃபிரெட்ரிக்க ஒண்ணும் சொல்லாத, நல்ல பையன்'னாரு. நான் போய் அத அப்டியே ஒங்கப்பாருகிட்ட சொன்னேன். சொல்லாம இருந்துருக்கலாம்."

அவர் போன பிறகு சான்ட்ரா வெகுநேரம் அந்தக் கட்டிலின் விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஒரு காரணம் கிடைத்ததும் ஒரு மனிதர் விளங்கிவிட்டார் என்று எடுத்துக்கொள்வது ஒரு வகைச் சோம்பல். ஐம்பது ஆண்டுகளை ஒரு டெலக்ஸ் விளக்கிவிடாது. அந்த எழுத்துகள் பயத்தால் வந்தவையா, அல்லது விட்டதற்கு ஈடாக ஒவ்வொரு நாளும் போட்டுக்கொண்டே இருந்தாரா? எதுவாக இருந்தாலும் அதன் செலவு ஆரோக்கியநாதனோடு நிற்கவில்லை. கோயிலில் கை கோக்க ஆளில்லாமல் நின்றவளிடமும் வந்து சேர்ந்தது.

அந்த ஞாயிறு சாந்தோம் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டின்போது அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஆரோக்கியநாதன்னு உங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருந்தாராமே டாடி?"

ஃபிரெட்ரிக் சங்கரா மீனிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்த முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"நல்ல மனுசன்."

"இப்ப எங்க இருக்காரு?"

"இல்ல."

இன்னொரு முள்ளை எடுத்தார். அவள் அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

மர்சலின் இறந்த நாளில் ஒவ்வோர் ஆண்டும் காலை ஆறரைப் பூசை அவள் பெயரில் ஒப்புக்கொடுக்கப்படும். முந்தைய நாள் சாயங்காலம் சான்ட்ரா அடையாறிலிருந்து தொலைபேசியில் கேட்பாள். அவர் வர்றேன் என்பார், இரண்டு எழுத்துகளைச் சேர்ப்பார். மறுநாள் தவறாமல் வந்துவிடுவார். அவளுக்கு முன்பே வந்து இடது பக்கம் நான்காவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஐந்து ஆண்டுகள் அப்படியே நடந்தன.

ஆறாவது ஆண்டும் அவள் கேட்டாள்.

"நாளைக்கு ஆறரைப் பூசை டாடி. வருவீங்கல்ல?"

"வர்றேன்."

அவள் காத்திருந்தாள். மறுமுனையில் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள்.

"வேற ஒன்னும் இல்லையா டாடி?"

"வேற என்னம்மா? வர்றேன்."

தொலைபேசியை வைத்துவிட்டுக் குருபிரசாத்திடம் ஓடினாள். "அவர் சொல்லல. வர்றேன்னு மட்டும் சொன்னாரு. அவ்வளவுதான். வெறும் வர்றேன்."

"எழுபத்திரண்டு வயசு ஆச்சு, மறந்திருப்பாரு," என்றான் அவன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, மறக்கல. வேணும்னேதான் விட்டிருக்காரு. சந்தோஷமா?" என்றான்.

சந்தோஷம்தான். நாற்பத்தொரு வயதில், ஆண்டு விழாவுக்கு முதல் நாள் போல அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா இல்லாமல் போனாளே என்ற வருத்தமும் கூடவே இருந்தது. இந்த வெறும் 'வர்றேன்' சேர வேண்டிய இடம் அம்மாதான். ஆறு வருடம் தாமதமாக, தவறான விலாசத்துக்கு வந்திருக்கிறது. இருந்தாலும் வந்திருக்கிறது.

காலையில் அடையாறு பாலத்தைத் தாண்டும்போது வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. காற்றும் இல்லை. பட்டினப்பாக்கம் பக்கம் கடல் விரித்துப் போட்ட பாய் போலக் கிடந்தது. அவள் ஆறு இருபதுக்குக் கோயிலுக்குள் நுழைந்தாள். நான்காவது பெஞ்ச் காலியாக இருந்தது. உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் கைப்பையை வைத்தாள். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பூசை தொடங்கியது. ஃபாதர் மர்சலின் பெயரை வாசித்தார். நற்கருணைக்கு வரிசை நின்று கலைந்தது. அவர் வரவில்லை. ஐந்து முறை அழைத்தாள். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. பூசை முடிவதற்குள்ளேயே எழுந்து வெளியே வந்தாள். வீடு ஐந்து நிமிட நடை. அவள் இரண்டே நிமிடத்தில் ஓடினாள்.

கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. கூடத்தில் ஃபிரெட்ரிக் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டை. வாரிய தலை. காலில் ஷூ, கயிறு முடிந்தபடி. முன்னால் ஸ்டூலில் குடித்து முடித்த காபி டம்ளர், பக்கத்தில் தொலைபேசி. அவர் கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தார்.

"டாடி! என்ன ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?" மண்டியிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி ஒழுங்காக ஓடியது.

"ஒன்னும் இல்லம்மா. நல்லா இருக்கேன்."

"தூங்கிட்டீங்களா?"

"அஞ்சு மணிக்கே எழுந்துட்டேன்."

"கீழ விழுந்தீங்களா? தலை சுத்திச்சா? ஆட்டோ கிடைக்கலையா?" ஆட்டோ தேவையில்லாத தூரம் என்று தெரிந்தும் கேட்டாள். எதையாவது எடுத்துக் கொடுக்க வேண்டும் போல் இருந்தது. "யாராவது வந்துட்டாங்களா?"

அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்து இல்லை என்றார். ஜன்னல் வழியே வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. தூரத்தில் கோயில் மணி அடித்தது, அடுத்த பூசைக்கு.

"பின்ன ஏன் டாடி?"

"வர்றேன்னு சொன்னேன்," என்றார் ஃபிரெட்ரிக். "வரல. என் தப்புதான்."

மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. அவள் அவருடைய மணிக்கட்டை இன்னும் விடாமல் பிடித்திருந்தாள். முப்பத்தொரு வருடமாக எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிக்கொண்டு அலைந்த கோபம் மொத்தமாக மேலே வந்தது. அதைக் கடைசியில் இறக்கி வைக்க ஓர் இடம் இருந்தது. அந்த இடம் எதிரில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் அழுதாள். திட்டினாள். அம்மா பெயரைச் சொல்லித் திட்டினாள். அவர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஆமாம்மா, ஆமாம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அழுகை ஓய்ந்ததும் அவள் குனிந்து அவர் ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுக்கமாக, இரட்டையாக இருந்தது. நீண்ட தூரம் நடக்கப் போகிறவர் போடும் முடிச்சு. புறப்படத் தயாராகி, ஐந்து நிமிட நடைக்கு முன்னால், தாழ்ப்பாள் போடாத கதவுக்கு எதிரே, அவர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

பிறகு பலமுறை அவள் கேட்டுப் பார்த்தாள். ஒருமுறை சண்டையாக, ஒருமுறை விளையாட்டாக, ஒருமுறை மீன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. ஏன் போகவில்லை என்று அவர் சொல்லவே இல்லை.